அடுப்படியில் கேட்ட ஐந்து வார்த்தை

பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் நின்றாள். வாசலில் வண்டி காத்திருந்தது. கணவர் உயிர் போய் இரண்டு மணி நேரமாகிறது. மூளையை எடுப்பதென்றால் சீக்கிரம் எடுக்க வேண்டுமாம்.

"நேரமாகுதும்மா," என்றான் மகன். "அப்பா நல்லா இருக்கும்போதே எழுதிக் குடுத்ததுதானே?"

எழுதிக் கொடுத்தார்தான். லேசுப்பட்ட மனுஷரா அவர்! கடைத் தராசுகளைச் சோதிக்கும் உத்தியோகத்தில் முப்பது வருடம். எடை ஒரு கிராம் குறைந்தாலும் சொந்த மச்சான் கடையைக்கூட விட்டுவைக்காதவர். மறதி எட்டிப் பார்த்ததுமே, "என் மூளையாவது நாலு பேருக்கு உபயோகப்படட்டும்" என்று ஞாபகசக்தி ஆராய்ச்சியில் தானாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்தார்.

அவள், பேனாவை நீட்டியிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஒண்ணு சொல்லணும்மா. ஆறு மாசத்துக்கொரு தடவை வந்து அஞ்சு வார்த்தை சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேப்பியே... கதவு, எலுமிச்சை, ரயில், கம்பளி, நீலம்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"எப்பவும் அதே அஞ்சுதான். அடுப்படியில நின்னு கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒரு தடவை அவருக்கு ரெண்டுதான் வந்துச்சு. அன்னிக்கு முழுக்க முகம் தொங்கிப் போச்சு. எனக்கு மனசு கேக்கல. மறுநாள்லேர்ந்து தினமும் காலையில சொல்லிக் குடுத்தேன். மூணு வருஷமா."

"அம்மா!" மகன் தலையில் கைவைத்தான். "கேள்வித்தாளையே வெளிய விட்டிருக்கியே!"

அப்பேர்ப்பட்டவரின் தராசில் அவளே கை வைத்திருக்கிறாள்.

"போன மாசம், நான் யாருன்னு கேட்டேன். கதவு, எலுமிச்சைன்னு ஆரம்பிச்சு அஞ்சையும் ஒப்பிச்சாரு. என் பேரு வரல. பாவி நான், அதையும் சேர்த்துச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு உங்களுக்கு வேண்டாமா? என்னால அவரு ஆசை வீணாப் போச்சா?"

"ஐயோ, இல்லம்மா. ஒரே வார்த்தைகளை வச்சே கேட்டது எங்க தப்பு. மறதி முத்தியும் எப்படி அஞ்சையும் சொல்றாருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிறேன். இப்பதான் அவரு இன்னும் அதிகமா வேணும். நீங்க சொல்லிக் குடுத்தது மட்டும் எப்படி அவருக்குள்ள தங்குச்சுன்னு பாக்கணும்."

"எழுதிக்கோ. அந்த மார்க்கெல்லாம் என்னுதுன்னு எழுதிக்கோ."

கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளைத் துணி போர்த்தி அவரைத் தூக்கி வந்தார்கள். வழி குறுகலாக இருந்தது. அவள் முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் வந்ததும் குனிந்து, "கதவு," என்றாள்.

தினமும் செய்வதுபோல, அடுத்த வார்த்தைக்காகச் சற்று நிறுத்தினாள்.