இருபத்திரண்டும் சரி

"பதினைந்து" என்று தன் குரலில் சொன்ன கிளி, மூச்சு விடுவதற்குள் "பதினாறு" என்று தோழியின் கரகரத்த குரலிலும் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றே செய்ததல்ல. இரண்டு வருஷமாகக் காலை வகுப்பில் நடக்கிற ஏற்பாடு அது. தோழி தன் தம்பியை அவன் பள்ளியில் இறக்கிவிட்டு ஓடி வருவதற்குள் முதல் மணி அடித்துவிடும். வருகைப் பதிவில் அவளுக்காகக் குரல் கொடுப்பது கிளியின் வேலை. அதில்தான் இவளுக்குக் கிளி என்றும் அவளுக்கு லேட்டு என்றும் பெயர் விழுந்தது. ஆசிரியர்களைத் தவிர அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம்.

ஆனால் இது வகுப்பறை இல்லை. ஆறு கடலில் கலக்கிற இடத்துச் சேற்றுத் திட்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் இங்கே இழுத்துக்கொண்டு வருவது புவியியல் டீச்சரின் பிடிவாதம். "தினமும் குடிக்கிற தண்ணி எங்க போய் முடியுதுன்னே தெரியாம பரீட்சை எழுதி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்டே பெற்றோர் கூட்டத்தை வாயடைக்க வைத்தவர். ஆளுக்கொரு சதுரம் ஒதுக்கி நண்டு வளைகளை எண்ண வைப்பார். கம்பு நட்டு, நீர் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று குறிக்க வைப்பார். போன்களை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வேனிலேயே விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது வரிசையாக எண் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காற்று ஊளையிட்டது. டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே டிக் அடித்துக்கொண்டு போனார். இருபத்திரண்டும் சரி.

வேன் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். போன் கூடை கைமாறிக் கைமாறிக் கடைசி சீட்டுக்கு வந்தபோது அதில் ஒரு போன் மிச்சம் இருந்தது. முதுகில் லேட்டுவின் தம்பி ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர். லேட்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்த கிளி எழுந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள்.

"டீச்சர், லேட்டு வேன்ல இல்ல!"

"அதெப்படி? பதினாறு சொன்னாளே."

காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கிளி வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாய்க்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. டீச்சர் காத்திருக்கவில்லை. "அண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றார் டிரைவரிடம்.

திரும்பிப் போனால், நடந்து வந்த பாதையைக் காணோம். அந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், புதர் மண்டிய மேட்டில், பேனா அளவுக்கு லேட்டு தெரிந்தாள். அவளுடைய சதுரம் அந்த மேட்டுக்குப் பின்னால். எண்ணிக்கையில் மூழ்கிவிட்டால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள்.

"ஒருத்தரும் தண்ணில கால் வைக்கக் கூடாது" என்றார் டீச்சர். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். படகோடு வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். பிறகு லேட்டுவின் அம்மாவுக்குப் பேசினார்.

அப்போதுதான் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், எதிலும் அக்கறை இல்லாதவன் என்று எல்லா டீச்சர்களும் கைகழுவியவன், வகுப்புக்குப் பொதுவான, சேறு அப்பிய அளவு நோட்டை நீட்டினான். "முப்பத்தொரு வாரம் அளந்திருக்கோம் டீச்சர். பௌர்ணமிக்குக்கூட அந்தப் புதரோட அடிக்குத்தான் வந்துச்சு. மேடு முழுகாது." டீச்சர் அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த எண்களில் பாதியைக் கிளி முணுமுணுத்துக்கொண்டே எழுதியிருந்தாள். வெயில், நாற்றம், காலெல்லாம் சேறு என்று அவள் சலித்துக்கொண்ட அத்தனை வாரங்களுக்கும் இப்போது மனசுக்குள் நன்றி சொன்னாள். அக்கரையில் லேட்டுவுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. ஓடவில்லை, கத்தவில்லை. தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு, மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் குச்சியைத் தாண்டியது. இறங்கி வந்து, கொஞ்சம் மேலே இன்னொரு குச்சியைக் குத்தினாள்.

லேட்டுவின் அம்மா தையல் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. மகளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற கிளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் கவனிச்சியாம், டீச்சர் சொன்னாங்க. நீ மட்டும் பார்க்கலன்னா என் புள்ள என்ன ஆயிருப்பா? நீ நல்லாயிருக்கணும் கண்ணு. உன்ன மறக்கவே மாட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சும்மா இருந்தாலே போதும், இந்த வாழ்த்து அவளுக்கே சொந்தமாகிவிடும். வகுப்பு வாய் திறக்காது. லேட்டு செத்தாலும் சொல்ல மாட்டாள்.

"அம்மா, அவ நம்பர நான்தான் சொன்னேன். அவ குரல்ல. தினமும் சொல்ற பழக்கத்துல வாயில வந்துடுச்சு. அதனாலதான் விட்டுட்டுப் போனோம்."

இரண்டடி தள்ளி நின்ற டீச்சர் திரும்பிப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை. அவர் கண் அக்கரையிலேயே இருந்தது. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டுமோ என்று கிளி பயந்தாள்.

அக்கரையில் லேட்டு எழுந்து நின்றாள். கடைசிக் குச்சியைக் காட்டி இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். குச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ஈர மணல் பளபளத்தது.

"இறங்குதுடா!" என்று கடைசி பெஞ்சுக்காரன் கத்தினான். வகுப்பே கத்தியது. கிளிக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கு என்று தெரியாமல், ஆற்றுக்கா கடலுக்கா என்றும் தெரியாமல், நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே அழுதாள். தூரத்தில் படகின் மோட்டார் சத்தம் கேட்கத் தொடங்கியது.

காற்றில் இஞ்சு டேப்பின் நுனி பறந்து பறந்து அவள் முழங்கையில் அடித்தது. கிளியின் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கும் அளவுக்கு அம்மாவின் பிடி இறுகியிருந்தது. வலித்தது. கிளி கையை இழுத்துக்கொள்ளவில்லை.