பாஞ்சாலை எழுத்து

கண்ணாயிரத்தின் வலது கன்னத்தில் 1996 தை மாதம் சதுரமாக ஓர் ஓட்டை விழுந்தது. ரத்தம் வரவில்லை, வலிக்கவுமில்லை. பின்சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதி மட்டும் அதன் வழியே தெரிந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எழுத்துகள் ஓடும் விளக்குப் பலகைகள் செய்து விற்றுவந்தவர் அவர். ஓட்டை விழுந்த அதே நொடியில், கீழ்பென்னாத்தூரில் பாஞ்சாலை தன் கிராஃப் நோட்டில் ஒரு கட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டுத் தூளை ஊதினாள்.

பாலிடெக்னிக் முடித்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அதுவரை பலகைகளில் ஆங்கிலம்தான் ஓடிற்று. பதினாறு கட்ட உயரத்தில் தமிழ் அடங்காது என்று சென்னைக்காரர்கள் கைவிரித்திருந்தார்கள். பாஞ்சாலை மூன்று வருடம் குனிந்த தலை நிமிராமல், விளக்குக்கு ஒரு கட்டமாக கிராஃப் நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடைத்தாள். ஒரு கட்டம் பிசகினால் ‘ழ’ ‘மு’வாகிவிடும். ‘ஞ’வுக்கு மட்டும் நாற்பது நாள் பிடித்தது. யாரும் எழுதாத ‘ஙௌ’வைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தன் ஊர்ப்பெயர் பஸ் ஸ்டாண்டில் சிவப்பாக ஓடிய அன்று, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். பிறகு அந்த எழுத்து வீடியோ கேம் திரைகளிலும் ஏறியது.

கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். பொன்னாடையோடு மைக்கைப் பிடித்த கண்ணாயிரம், “ஒவ்வொரு புள்ளியும் நானே வெச்சது” என்றார். பாஞ்சாலை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கேட்டதற்கு அவர் சிரித்தார். “கட்டம் அடைக்கிறது ஒரு வேலையாம்மா? அதுக்குப் போய் பேரு கேக்கறியே.”

அவள் வீட்டுக்குப் போய், அவரை உச்சி முதல் பாதம் வரை கட்டங்களில் வரைந்தாள். அச்சு அசல் அவரேதான். செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு கட்டம் அழித்தாள். கன்னத்துக்குப் பிறகு காது மடலில் ஒன்று போயிற்று, விலாவில் மூன்று, நெஞ்சில் ஒன்பது. வேலூர் டாக்டர் ஒருவர் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, உடம்பு நன்றாக இருப்பதாக எழுதிக்கொடுத்தார். ஆனால் அந்தச் சதுரம் யாருடைய நோட்டுக் கட்டம் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும். இரண்டாம் வருடம் கீழ்பென்னாத்தூருக்கு வந்து நின்றார்.

“நிறுத்திடும்மா. எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க.”

அதே மண்டபத்தில், அதே மைக்கில் சொன்னார். எழுத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அவளிடம் வந்து, “இனிமேலாவது அழிச்சதைத் திரும்ப வரைஞ்சிடும்மா” என்றார்.

பாஞ்சாலை நோட்டையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தாள். “கட்டம் அடைக்கிற வேலைதானே சார். நீங்களே அடைச்சுக்கோங்க.”

அவர் அடைத்துப் பார்த்தார். மூக்கில் ஒரு துண்டு தோளில் முளைத்தது. அதற்கு மேல் அவர் பென்சிலைத் தொடவில்லை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஊருக்கும் அது பழகிப்போனது. ரேஷன் கடை வரிசையில் கண்ணாயிரத்துக்குப் பின்னால் இடம்பிடிக்க இரண்டாயிரத்து மூன்றிலும் போட்டி இருந்தது. முன்னே மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவர் வழியாகவே தெரிந்தது.