அத்தை வீட்டு முகவரி

பொய் சொல்லாமல் வேலை வாங்கப்போகும் முதல் மனிதனைத் தெகுசிகல்பா நகரம் பெற்றெடுத்துவிட்டது. அவன் பெயர் செல்வின், வயது பதினெட்டு, பள்ளியில் கடைசி ஆண்டு. இதில் செல்வினுக்குத் துளியும் சந்தேகமில்லை.

வேலைக்குத் தயாராகும் வகுப்பில் நோயெமி டீச்சர் கைகுலுக்கக் கற்றுக்கொடுத்தார். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று எழுதச் சொன்னார். உயிரோடு என்று எழுத எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"விண்ணப்பத்துல வீடு நம்ம லோமா செக்கான்னு மட்டும் எழுதிராதீங்க. கும்பல்காரங்க ஏரியான்னு அதோட மூடி வெச்சிருவாங்க. வெளிய சொந்தக்காரங்க இருந்தா அவங்க முகவரியப் போடுங்க. ஒருவாட்டி போய்ப் பாத்துட்டும் வந்துருங்க. எந்த பஸ்ஸு, எதிர்ல என்ன கடைன்னு கேப்பாங்க."

நண்பன் நவூன் அப்படியே செய்தான். அத்தை வீட்டுத் தெருவில் மேலும் கீழும் நடந்து கடைகளை மனப்பாடம் செய்தான்.

"என்னடா, அத்தைக்கு வீட்டோட மாப்பிள்ளையா போயிட்டியா?" என்றான் செல்வின். "சாமி ஊர்வலம் மாதிரி தெருவச் சுத்துற!"

"சிரி, சிரி. முக்குல நிக்கிறானே கும்பல்காரன் சேலே, அவன் உன்னக் கூப்பிட்டானா?"

"ரெண்டு தடவ. வேலை கிடைக்கப்போகுதுன்னு சொல்லிட்டேன்."

சேலே தரும் வேலைக்கு விண்ணப்பம் வேண்டாம், நேர்காணல் கிடையாது. ஓய்வு பெறும் வயதுதான் கொஞ்சம் குறைவு. போன மாதம் ஒருவன் இருபதில் ஓய்வு பெற்றான். வேண்டாம் என்று சொன்ன இன்னொருவனும் அதே வாரம்.

சூப்பர் மார்க்கெட்டில் அதிகாரி செல்வினின் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிக் கும்பலின் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வீடு எங்கப்பா?"

"லோமா செக்கா, சார்." தலை நிமிர்ந்தே சொன்னான்.

"நல்ல பையனாத்தான் தெரியுற. கூப்பிடுறோம்." போன் நம்பர் கேட்கவில்லை.

அன்று மாலை சேலே சிகரெட்டை அணைத்துவிட்டு வழிவிட்டான். "கிடைச்சுதா தம்பி?"

"சொல்றேன்னாங்க."

"திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம்." அன்பாகத்தான் சொன்னான்.

நவூனுக்கு மருந்துக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. "இன்னொரு ஆள் எடுக்குறாங்கடா. திங்கட்கிழமை காலைல வா," என்றான். "அத்தை முகவரியையே போடு, அவங்ககிட்ட பேசிட்டேன்." செல்வின் ஜோக் எதுவும் அடிக்காமல் முகவரியை எழுதிக்கொண்டான்.

ஞாயிறு காலை, நவூனின் அத்தை வீட்டுத் தெரு. ரொட்டிக் கடை, முடி வெட்டும் கடை, நீலக் கதவு போட்ட தேவாலயம். உதடு அசைய நடந்தான். தெருமுனைவரை போய்த் திரும்பி, மறுபடி முதலிலிருந்து.

வாசல் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாரப்பா தேடுற?"

"யாரையும் இல்லக்கா," என்றான் செல்வின். "இங்கதான் குடியிருக்கேன்."