இளையதம்பியின் ஆக்கள்

கனடாவுக்குப் போன பிறகுதான் செல்வராசாவுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடைத்தது. ஸ்கந்தபுரத்தில் இருந்தவரை அவர் இளையதம்பியரின் இளைய மகன், அவ்வளவுதான். ரொறன்ரோவில் தகப்பனின் பெயரைக் கடைசியில் போடச் சொன்னார்கள். போட்டார். அது அவருடைய பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது; பிறகு பேரப்பிள்ளைகளுக்கும். இளையதம்பியரைப் படத்தில்கூடப் பார்த்திராத குழந்தைகளை அங்கே பள்ளிக்கூடத்தில் 'இளையதம்பி' என்று கூப்பிட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஓர் ஆசை பிடித்தது. எந்தெந்த நாட்டில் இளையதம்பி என்று குடும்பப் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்களோ, அவர்களையெல்லாம் தேடி வட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தார். நோர்வேயில் ஒரு வைத்தியர், பாரிஸில் ஒரு கடைக்காரர், மெல்பேர்ணில் ஓர் அண்ணனும் தம்பியும் என்று குழு வளர்ந்தது. எல்லோரையும் ஒரு சின்னக் குழாயில் துப்ப வைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அந்த அண்ணன் தம்பியைத் தவிர ஒருவருக்கும் மற்றவரோடு ஒட்டு உறவு இல்லை என்று வந்தது.

"ஊருக்கு ஊர் ஒரு இளையதம்பி இருந்திருப்பான். எல்லாரும் ஒரே வயித்தில பிறந்தவங்களோ?" என்று அவருடைய அண்ணன் குணரத்தினம் சிரித்தார்.

அப்போது தை மாதம். செல்வராசா ஊர் பார்க்க அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். வயல் வெட்டு முடிந்து, முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல் வெட்டும் மெசினோடு தர்மபுரத்திலிருந்து வந்திருந்த ரஜிதன் கைகால் கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முதல் இதே வீட்டு வயலில் அவனுடைய மெசின் சேற்றில் புதைந்து நின்றபோதுதான் குணரத்தினத்தின் மகள் யதுர்ஷிகா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது கலியாணம் பேசி ஆவணியில் நாளும் வைத்தாயிற்று.

"தம்பி, உம்மட அப்பாவின்ர அப்பாவுக்கு என்ன பேர்?" என்று செல்வராசா கேட்டார்.

ரஜிதன் கூச்சத்தோடு சிரித்தான். "அதுவும் இளையதம்பிதான் மாமா. பேர் மட்டுந்தான் தெரியும். அப்பா சின்னனிலயே ஒரு இல்லத்தில வளர்ந்தவர்."

"அட! அப்ப நீரும் எங்கட குழுதான். இந்தாரும், துப்பும்."

"சித்தப்பா, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் துப்பச் சொல்லுறது எந்த ஊர் மரியாதை?" என்று குசினி வாசலில் நின்று யதுர்ஷிகா கேட்டாள்.

"உனக்கேன் எரியுது? கலியாணத்துக்குப் பிறகு நீ அவரைக் கண்ணீர் விட வைக்கப் போறாய். நான் எச்சில்தானே கேட்டனான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரஜிதனும் சிரித்துக்கொண்டே துப்பினான்.

சித்திரை முடியும் நேரம் முடிவு வந்தது. கனடாவுக்குத் திரும்பியிருந்த செல்வராசா அதைக் குழுவில் போட்டபோது வாணவேடிக்கைப் படங்களும் சேர்த்துப் போட்டார். 'கடைசியில் ஒரு பொருத்தம்! ரஜிதனும் நானும் ஒரே ஆண்வழி!' நோர்வே வைத்தியர் கைதட்டினார். மெல்பேர்ண் அண்ணன் தம்பி வாழ்த்தினார்கள். ரஜிதன் தன் தாய் வடிவம்மாவிடம் ஓடிப்போய்க் கைபேசியைக் காட்டினான். "அம்மா, அப்பாவின்ர ஆக்களைக் கண்டுபிடிச்சாச்சு!"

அந்தச் சந்தோசம் ஒரு பின்னேரம் இருந்தது. குணரத்தினத்தின் மனைவி இலட்சுமிதான் முதலில் கேட்டாள். கைபேசியில் செல்வராசாவின் முகம் தெரிந்துகொண்டிருக்க, அவள் கையிலிருந்த அகப்பையோடு வந்து முன்னால் நின்றாள்.

"ஒரே ஆண்வழி எண்டால், தம்பி, இந்தப் பெடியன் எங்கட பிள்ளைக்கு என்ன முறை?"

செல்வராசாவின் சிரிப்பு நின்றது. தகப்பன் வழியில் ஒரே கிளையில் வந்தவர்கள் எத்தனை தலைமுறை கழிந்தாலும் அண்ணன் தங்கைதான். இது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் பனியில் இருந்தவருக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணி, அது ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தின தொடர்பு. அந்த இளையதம்பி வேற, எங்கட அப்பா வேற. மற்றச் சோதனையில பார்த்தால் ரெண்டு பேருக்கும் ஒண்டுமே ஒட்டேல்லை. ஆண்வழியில போற அந்த ஒரு கூறுதான்…"

"அந்த ஒண்டுதானே வழி" என்றாள் இலட்சுமி. அவள் சத்தம் போடவில்லை. அழுதாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் யதுர்ஷிகாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் திருப்பிச் சண்டை பிடித்திருப்பாள். அப்பா அவள் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைத்தார். அம்மா அவளுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள். கிளிநொச்சியில் பேசி வைத்த மண்டபத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் போனதும் அம்மா மெதுவாக, தன் அண்ணன் மகன் நிரோசனின் பெயரை எடுத்தாள்.

"அம்மா, நிரோசன் உங்கட சொந்த அண்ணனின்ர பிள்ளை. அவனுக்கும் எனக்கும் எட்டில ஒரு பங்கு ஒரே இரத்தம். ரஜிதனோட எனக்கு ஒரு சொட்டும் இல்லை எண்டு சித்தப்பாவே சொல்லுறார்."

"அவன் மச்சான் முறை. மச்சானைக் கலியாணம் முடிக்கிறதுக்கு என்ன?"

"நீங்கள் யோசிச்சுத்தான் கதைக்கிறியளோ?"

"யோசிச்சு என்ன செய்ய? நானும் உன்னை ரஜிதனுக்குக் குடுக்கத்தானே ஆசைப்பட்டனான். நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், உன்ர அப்பாவை அது என்னெண்டு கூப்பிடுறது? தாத்தா எண்டோ, பெரிய தாத்தா எண்டோ? சனம் என்ன கேக்கும்?"

யதுர்ஷிகாவிடம் மறுமொழி இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அக்கராயன் குளக்கட்டில் ரஜிதனைச் சந்தித்தாள். குளம் பாதி வற்றியிருந்தது. அவன் மெலிந்திருந்தான்.

"சித்தப்பா எனக்குத் தனிய போன் எடுத்தவர்" என்றாள். "சோதனை பிழைச்சுப்போச்சு, வேற ஆளின்ர முடிவு மாறி வந்திட்டுது எண்டு சொல்லட்டோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டால் நாளைக்கே சொல்லுவார். அம்மா நம்புவா. நம்பத்தான் அவாவும் விரும்புறா."

ரஜிதன் ஒரு கல்லை எடுத்துக் குளத்துக்குள் எறிந்தான்.

"நான் ஓம் எண்டு சொல்லட்டோ?"

"எங்கட அம்மா அண்டைக்கே கோயிலுக்குப் போய்ப் பொங்கினவா, யது. வழியில கண்ட எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போனவா. 'என்ர மனுசன் அநாதை இல்லை, ஸ்கந்தபுரத்தில அவருக்கு அண்ணன் தம்பி இருக்கினம்' எண்டு. உங்கட வீட்டில சம்பந்தம் பேசேக்க உங்கட ஆக்கள் கேட்டவை, 'தகப்பன் ஆரின்ர ஆக்கள்?' எண்டு. அம்மா தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தவா. எனக்கு அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

"எனக்கும் நிக்குது. அதுக்கு?"

"அப்பா முள்ளிவாய்க்காலில செல் விழுந்து செத்த நேரம், அவரின்ர பக்கத்தில இருந்து கொள்ளி வைக்க ஒருத்தர் இல்லை எண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுவா. நான் சின்னப் பெடியன். இப்ப வந்து, 'அம்மா, அது பிழையாம். அப்பா திரும்பவும் ஆருமில்லாத ஆள்தானாம்' எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப உண்மையோட நிப்பம். பதிவுத் திருமணம் செய்வம். சட்டம் ஒண்டும் சொல்லாது."

"ஓம்" என்றான் அவன் உடனே. பிறகு கொஞ்சம் ஆறுதலாக, "ஓம். ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்கட வீட்டுக்கு வரவேணும் எண்டு நிக்கிறா. எல்லாருக்கும் முன்னால நானே சொல்லுறன்" என்றான்.

அவனுடைய கை அவளுடைய கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அதைப் பிடிக்கவில்லை. அவளும் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அவள் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வடிவம்மா புதுச் சேலை உடுத்து, பலகாரமும் வாழைக்குலையுமாக வந்தாள். முந்தி இந்த வீட்டுக்கு வந்தபோது கதிரையின் நுனியில் இருந்த மனுசி, இன்று நேரே உள்ளே வந்து குணரத்தினத்துக்கு முன்னால் நின்று அவரையே பார்த்தாள்.

"அத்தான்" என்றாள். முந்தி அண்ணை என்று கூப்பிட்டவள், இப்போது புருசனின் அண்ணனாக்கிக் கூப்பிட்டாள். "நீங்கள் நிக்கிற நிலையும் அவரை மாதிரித்தான் இருக்கு. அவரும் இப்பிடித்தான் ஒரு தோளைச் சரிச்சுக்கொண்டு நிப்பார்."

ஏழெட்டுத் தலைமுறை கடந்து ஒரு தோள் சரிந்து வருமா என்று யதுர்ஷிகா வாய் திறந்து கேட்டிருக்கலாம். அப்பாவின் தோள் சரிந்தது பங்கர் வெட்டும்போது பிடித்த பிடிப்பினால் என்று அம்மாவாவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. குணரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது.

"இருங்கோ, பிள்ளை. தம்பியாரின்ர திவசம் எப்ப வருது?"

"வாற கிழமை, அத்தான்."

"இந்த முறை நாங்கள் எல்லாரும் வாறம். படைக்கிற சாமானெல்லாம் எங்கட வீட்டிலயிருந்து வரும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

வடிவம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இலட்சுமி போய் அவளை அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தி கிடைத்ததற்காகவும் ஒருத்தி இழந்ததற்காகவும் அழுகிறார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது அது.

ரஜிதன் கதிரையை விட்டு எழுந்தான். யதுர்ஷிகா நிமிர்ந்தாள். அவன் இப்போது சொல்லப்போகிறான். அவன் அவளைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

"என்ர ராசா" என்றாள் வடிவம்மா, அழுகையின் நடுவே சிரித்தபடி. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஆரும் இல்லையெண்டு இருந்தனாங்கள். இந்தா, உனக்கு ஒரு பெரியப்பா. கும்பிடு மோனை."

அவன் நின்றான். தனக்காகவும்தான் நின்றான் என்று யதுர்ஷிகா அறிந்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுவான். சொல் அவளிடம் இருந்தது. வடிவம்மாவின் முகம் அவளுக்கு நேரே இருந்தது. இந்த வயதில் ஒரு மனுசியின் முகம் இப்படி மலருமா என்று அவள் நினைத்தாள். அவள் அதைச் சொல்லவில்லை.

ரஜிதன் குனிந்து குணரத்தினத்தின் காலைத் தொட்டான்.

"பெரியப்பா" என்றான்.

"நல்லா இரு, மோனை" என்று அவர் அவனுடைய தலையில் கை வைத்தார். அவருடைய பார்வை மகளிடம் ஒருமுறை வந்து, நிற்க முடியாமல் திரும்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் திவசத்துக்கு என்ன சமைப்பது என்று கதைக்கத் தொடங்கினார்கள். தன் மனுசன் நல்லதம்பிக்குப் பிடித்தது பயற்றங்காயும் மாங்காய்ப் பச்சடியும் என்று வடிவம்மா சொன்னாள். மாங்காய் தான் கொண்டுவருவதாக இலட்சுமி சொன்னாள். பிறகு, பழக்கத்தில் குரல் கொடுப்பதுபோல, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"யது, அண்ணாவுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வா, பிள்ளை."

யதுர்ஷிகா குசினிக்குள் போனாள். கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சீனி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அளந்து போட்டாள். கலக்கினாள். கோப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவள், அதை எந்த முகத்தோடு நீட்டுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.