ஆறாத சூளையின் பச்சை விளக்கு

1

"உள்ள செவப்பா தெரிஞ்சுதா, இல்லியா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குங்க தொறந்தீங்க?"

"பச்ச லைட்டு எரிஞ்சுதே. நீ பண்ணுனதாச்சே, தப்பா இருக்குமா?"

விருத்தாசலத்து மருத்துவமனை ஒன்றில், கட்டுப் போடும் அறைக்கு வெளியே இது என் காதில் விழுந்தது. கேட்டவள் பூர்ணிமா. பதில் சொன்னவன் அவள் கணவன் நந்தகுமார். முழங்கை வரை இரண்டு கையிலும் கட்டு. புருவம் இருந்த இடத்தில் புருவம் இல்லை. இத்தனை வருடம் குடும்பக் காதல் கதைகள் எழுதியும், காதலை இவ்வளவு பயங்கரமாகச் சொன்ன ஒரு வரியை நான் எழுதியதில்லை. அன்றே பூர்ணிமாவிடம் பேச்சுக் கொடுத்தேன். மீதி பிறகு அவள் சொன்னது.

2

"பீங்கான் பேட்டையின் புகைபோக்கிகளுக்கு மேலே பொழுது விடிந்து..."

இப்படித் தொடங்க வேண்டாம். ஒருவன் கை வெந்து கிடக்கும்போது புகைபோக்கியை வர்ணிப்பது அநியாயம்.

நந்தகுமாருக்குச் சொந்தமாக, பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளை. பூர்ணிமா பெங்களூரில், கருவிகளுக்குள் இருக்கும் சின்ன போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுகிறாள். சூளைக்கும் ஒரு போர்டு செய்து அனுப்பினாள். சூடு ஆறியதும் பச்சை விளக்கு எரிய வேண்டும். "இனிமே சூளக் கதவு ஓட்டையில கண்ண வச்சிப் பாக்க வேணாம். பச்ச எரிஞ்சா தொறங்க," என்று போனில் சொன்னதும் அவள்தான்.

3

மருத்துவமனையிலிருந்து நேராகச் சூளைக்குப் போனாள். கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். உள்ளே இன்னும் தகித்தது. சுவிட்சுப் பலகையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போர்டுக்கு வயர் இழுத்த எலக்ட்ரீஷியன் கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட்டாள்.

"நான் எப்பவும் லைட்டோட ஒரு வயர சப்ளையில குடுத்துடுவேன் மேடம். இன்னொன்னுதான் உங்க போர்டு பின்னுக்கு. நீங்க கேக்கவே இல்லியே."

(வாசகருக்கு: அப்படி இணைத்தால், போர்டின் பின்னில் மின்சாரம் இல்லாதபோதுதான் விளக்கு எரியும். பூர்ணிமாவின் மேசையில் இருந்த விளக்கு, மின்சாரம் வந்தால் எரிவது. அதை வைத்தே சோதித்தாள். அதனால் இங்கே எல்லாம் தலைகீழ். சூளை கொதிக்கும்போது பச்சை எரியும், ஆறினால் அணையும்.)

திருத்தம் ஒரே வரி. விளக்கு எந்த நிலையில் எரியும் என்று சொல்லும் வரி. பத்து விநாடி ஆனது. பிறகு லேப்டாப்பை மூடி, அதன் மேலேயே கையை வைத்து உட்கார்ந்திருந்தாளாம்.

4

இந்த நந்தகுமாரை என்னால் நம்ப முடியவில்லை. சூளைக்காரன், கண்ணால் சிவப்பைப் பார்த்தவன், கதவைத் திறப்பானா? இரண்டு தடவை அவனை மாற்றி எழுதினேன். ஒரு தடவை அவசரக்காரனாக, ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் இருப்பவனாக. இரண்டும் பொய்.

உண்மை இது: கல்யாணமான இரண்டாம் மாதம் பூர்ணிமா, பெங்களூர் போகிறேன் என்றாள். சரி என்றான். குழந்தை இப்போது வேண்டாம் என்றாள். சரி. ஊரில் எல்லோரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். நான்கு வருடமாக ஒன்று மட்டும் அவனிடம் கேட்க நினைத்தாள்: ஒரு முறையாவது என்னை மறுத்துப் பேசுங்கள். நல்லவனிடம் அதை எப்படிக் கேட்பது?

5

முடிவு ஒன்று: அவள் வேலையை விட்டுவிட்டு ஊரோடு... இல்லை, அவள் விடவில்லை.

முடிவு இரண்டு: இருவரும் அழுகிறார்கள். என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே, "கட்டு பிரிச்சதும் அதே போர்டுலயே ஓட்டலாம் பூர்ணி," என்றானாம். திருத்தினாயா என்றுகூட அவன் கேட்கவில்லை. அவள் நிஜமாகப் பயந்தது அப்போதுதான்.

அவன் பதிலை நான் எழுதப் போவதில்லை. அவன் வாயில் வைக்க வேண்டிய சொல் உங்களுடையது. கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவள் கேட்டதை மட்டும் தருகிறேன்.

"நான் சொல்றது தப்புன்னு பட்டா, தப்புன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ, எங்கிட்ட மாட்டேன்னு சொல்லுங்க."