நங்கூரனுக்கு மீசை இல்லை

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஃபேஸ்புக் கொமெண்டில். அதை எழுதியவன் நான்.

"நங்கூரனின் மீசையை மழித்தவருடைய கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பிளவுஸ் தைக்கிறவரிடம் வில்லனைக் கொடுத்தால் இப்படித்தான் வரும்."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒரு கதைக்கும் அத்தனை பேர் கிடைத்ததில்லை. அன்று மத்தியானம் நல்ல பசியோடு சாப்பிட்டேன். பிளவுஸ் தைக்கிறவர் என்று நான் எழுதியது யாரை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய புருஷன் என் கூட்டாளி. அவன்தான் சொன்னான்.

நங்கூரனைத் தெரியாதவர்களுக்காக: எண்பதுகளில் கொழும்பில் வாராவாரம் வந்த ஒரு சித்திரக்கதையின் வில்லன். துறைமுகத்தில் கப்பலோடு கப்பலாகக் களவெடுப்பவன். சிவப்பு அங்கி, பச்சைக் கண்ணாடிக் கண், காது வரை முறுக்கிய மீசை, வலது கைக்குப் பதிலாக ஒரு இரும்பு நங்கூரம். கதாநாயகனின் பெயர் எங்களில் பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. வில்லனை ஒருவரும் மறக்கவில்லை. இப்போது அவனைப் படமாக எடுக்கிறார்கள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கொட்டாஞ்சேனையில் கோயில் மணி அடித்தபோது றேமண்ட் தன்னுடைய…" வேண்டாம். கொட்டாஞ்சேனையை எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே மணியை அடித்துவிடுகிறார்கள்.

"றேமண்ட் பொறாமைக்காரன்." உண்மைதான். ஆனால் இதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

"றேமண்ட் முப்பத்தொரு நங்கூரன்களை வரைந்தான்." இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

றேமண்ட் முப்பத்தொரு நங்கூரன்களை வரைந்தான். அவனுக்கு நாற்பத்துமூன்று வயது. பிஸ்கட் டின்னுக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் வரைந்தே பாதி ஆயுள் போயிருந்தது. நங்கூரன் வந்த இதழ்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். 'நங்கூரன் வாசகர் வட்டம்' என்ற ஃபேஸ்புக் குழுவை நடத்துகிறவனும் அவனே. ஆகவே இயக்குனர் ஆகில் அவனைத் தேடி வந்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. வயிறுதான் கொஞ்சம் எரிந்தது.

ஆகிலின் ஒஃபிஸ் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் றேமண்ட் அங்கே புது நங்கூரனோடு ஏறுவான். இரும்புக் கை எந்திரக் கையானது. சிவப்பு அங்கி கறுப்புத் தோலானது. ஆகில் ஒவ்வொரு படத்தையும் மரியாதையோடு பார்ப்பான்.

"றேமண்ட் அண்ணன், வேல சூப்பர். ஆனா எனக்குப் பயம் வருதில்ல."

முப்பத்தொரு தடவை இதையே சொன்னான்.

கடைசியில் அங்கிக்கு எந்தத் துணி என்ற பேச்சு வந்தது. றேமண்டின் மனைவி மேபல் ஒரு கார்மண்ட் தொழிற்சாலையில் துணி வெட்டும் அளவுகளை வரைகிறவள். போன வருடம்தான் அங்கே மாதிரி உடைகள் தைக்கும் பகுதிக்குப் பொறுப்பாக அவளைப் போட்டிருந்தார்கள். "ஒருக்கா வந்து துணியப் பற்றிச் சொல்லும்" என்று றேமண்ட்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

மேபல் அங்கியின் அளவுகளைத் தன் கொப்பியில் குறித்து நீட்டினாள். ஆகில் வாங்கி, ஒரு தாளைப் பின்னால் புரட்டிவிட்டான்.

"இது யாரு?"

"அது சும்மா கிறுக்கினது தம்பி. மற்றப் பக்கம் பாருங்க."

அவன் மற்றப் பக்கம் பார்க்கவில்லை. பென்சிலால் வரைந்த ஒரு மனிதன். அயன் செய்த வெள்ளைச் சேர்ட், கழுத்துவரை பூட்டிய பட்டன். மீசை இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். உதடு சிரிக்கிறது. கண் சிரிப்புக்கு வரவில்லை. கட்டைவிரல் நகம் சுட்டுவிரலின் சதைக்குள் புதைந்திருக்கிறது.

"இவன் ஏன் அக்கா இப்பிடிச் சிரிக்கிறான்?"

மேபல் கொஞ்சம் யோசித்தாள். "வேண்டியவங்க ஆருக்கோ நல்லது நடந்திட்டுது. அதக் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

ஆகில் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தான். "எனக்கு இவன்தான் வேணும்" என்றான்.

முதலில் கை தட்டியது றேமண்ட். அவனே என்னிடம் இரண்டு தடவை சொன்னான்: "நான்தான் மச்சான் முதல்ல கை தட்டினது." திரும்பி வரும் பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்வரை அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தானாம். அதற்குப் பிறகு பேச்சு வரவில்லையாம்.

3

பொறாமையை எழுதுவது கஷ்டம். அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சின்னச் சின்னதாகச் செய்துகொண்டே இருக்கும்.

மேபலின் ஃபோன் அடித்தால் றேமண்ட் டீவியின் சத்தத்தைக் குறைப்பான். ஒரு பேச்சில் அவள் எத்தனை தரம் சிரிக்கிறாள் என்று எண்ணுவான். திரையிலேயே வரையக்கூடிய ஒரு ரெப்லட்டை ஆகில் அவளுக்குக் கொடுத்தபோது, "இதில வரைஞ்சா கை கெட்டுப்போகும்" என்றான். ஐந்து வருடமாக அதை வாங்க ஆசைப்பட்டவன். ஒருநாள் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நிழல் பிழை" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் மாற்றினாள். முந்தினதுதான் நல்லது, திரும்பப் போடுங்கள் என்று ஆகில் சொல்லி அனுப்பினான். அந்தச் செய்தியையும் றேமண்ட் அவள் ஃபோனில் எடுத்து வாசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது யாராவது, "மேபல் படத்துக்கு வரையிறாவாமே?" என்று கேட்பார்கள்.

"ஓம், நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்" என்பான்.

(இந்த இடத்தில் மேபலை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வரைவில் அவளை ஒன்றும் அறியாதவளாக எழுதினேன். பிறகு துணிந்து அவளையே போய்க் கேட்டேன். "நான் அப்பிடி ஒண்டும் பாவம் இல்ல" என்றாள். "அவர் எரியிறது எனக்குத் தெரியும். பதினேழு வருசமா அவர் வரைய நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். அவர் வீட்டில இருந்தா வேணுமெண்டே ஃபோன ஸ்பீக்கர்ல போடுவன்." அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.)

4

ஒரு சனிக்கிழமை காலை மேபல் மீன் வாங்கப் போயிருந்தாள். அவளுடைய மடிக்கணினி திறந்து கிடந்தது. றேமண்ட் போலிப் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, புது நங்கூரனை வாசகர் வட்டத்துக்கு அனுப்பினான். பிறகு குழுவின் பொறுப்பாளனாக அதைத் தானே அனுமதித்தான். படத்தின் மேலே இப்படி எழுதியிருந்தான்: "புதிய படத்தின் நங்கூரன் இவனாம். வரைந்தது கார்மண்ட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணாம்."

அந்த இரண்டு 'ஆம்'களையும் நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒரு எழுத்தாளனாகச் சொல்கிறேன், தேர்ந்த வேலை.

நாங்கள் பாய்ந்தோம். அரை மணித்தியாலத்தில் இருநூறு கொமெண்ட். மீசையைத் திருப்பித் தா. இவன் வில்லனா, வங்கிக் கிளார்க்கா? என்னுடையதும் அதற்குள் வந்துவிட்டது.

மேபல் மீன் பையோடு உள்ளே வந்தபோது றேமண்ட் மேசையில் இருந்தான்.

"இங்க பாரும், உம்மட படம் வெளியில வந்திட்டுது."

அவள் நின்றபடியே உரக்க வாசித்தாள். முதலில் சிரித்தாள். வங்கிக் கிளார்க்குக்கு நன்றாகவே சிரித்தாள். என்னுடைய வரிக்கு வந்ததும் சத்தம் நின்றது. மேலே போய்ப் பதிவைத் திரும்ப ஒரு தரம் வாசித்தாள்.

"நான் கார்மண்ட்டில வேல செய்யிறது இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆராவது சொல்லியிருப்பாங்க."

"ஆகிலுக்கே நான் சொல்லல்ல. துணி தெரிஞ்ச ஆள் எண்டுதானே நீங்க சொன்னீங்க."

அவள் மீனைக் கழுவப் போனாள். அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று றேமண்ட் சொன்னான்.

5

நான்காம் நாள் காற்று மாறியது. அர்பா என்ற ஆசிரியை ஒருவர் வட்டத்தில் எழுதினார்: "பழைய நங்கூரனைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வரும். இவனைப் பார்க்க முடியவில்லை. பதினொரு வருடம் பக்கத்து மேசையில் இவனோடு வேலை செய்திருக்கிறேன்."

அவ்வளவுதான். என் மச்சான் இவன், எங்கள் வீட்டுக்காரர் இவர், என் சொந்தத் தம்பி என்று எழுதத் தொடங்கினார்கள். கிழமை முடிவதற்குள் புது நங்கூரன் கொழும்பைத் தாண்டிப் போய்விட்டான். நான் என் கொமெண்டை அழித்தேன். (அழித்த நேரத்தில் லைக் நானூற்றுப் பன்னிரண்டு. அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் அழித்தேன்.)

பத்தாம் நாள் இருவரையும் ஆகில் கூப்பிட்டான். படங்களை வெளியே விடமாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

"ஃபைல் அக்காட மெஷின்ல இருந்துதான் போயிருக்கு" என்றான். "எக்ரிமண்ட்படி அக்காவ இண்டைக்கே நிப்பாட்டலாம். லோயரும் அதத்தான் சொல்றார்."

மேபல் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ப்ரொடியூசர் சிரிக்கிறார். எவ்வளவு செலவழிச்சாலும் இப்பிடி ஒரு விளம்பரம் வராதாம். உண்மையச் சொல்லுங்க அக்கா, நீங்கதானே போட்டீங்க? திட்டுறவங்க முதல்ல திட்டட்டும், பிறகு வருவாங்க எண்டு தெரிஞ்சுதானே? என்ன மூள அக்கா உங்களுக்கு!"

மேபல் நிமிர்ந்து றேமண்டைப் பார்த்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்கு எல்லாம் சரி. அவள் சொல்லவில்லை.

"நான் போட்டனான்" என்றான் றேமண்ட்.

6

அவன் ஏன் சொன்னான்?

மனைவியைக் காப்பாற்ற என்று எழுதினால் வாசகருக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்ற வேண்டிய தேவையே இல்லை. குற்ற உணர்ச்சி என்று எழுதலாம். றேமண்டும் முதலில், "மனசு கேக்கல்ல எண்டு எழுது" என்றான். தேத்தண்ணி ஆறிய பிறகு வேறொன்று சொன்னான்.

"எழுதாத மச்சான். பொய். 'என்ன மூள' எண்டு அவன் அவளப் பார்த்துச் சொன்னான் பாரு, அதத்தான் தாங்க ஏலாமப் போச்சு. படம் அவள்ட. சரி. அந்தக் களவாவது என்டதெல்லோ."

ஆகில் ஒப்பந்தத்தை மடித்து வைத்தான். பிறகு, "அண்ணன் இனி இங்க வர வேணாம்" என்றான். வாசகர் வட்டமும் றேமண்டின் கையை விட்டுப் போனது.

படிக்கட்டில் இறங்கும்போது மேபல் சொன்னாள். "அது உங்களப் பார்த்து வரைஞ்சது."

"எது?"

"நங்கூரன். படம் கிடம் ஒண்டும் வரமுந்தி. எனக்கு வேலையில உயர்வு வந்த அண்டைக்கு."

"அண்டைக்கு நான் கேக் வாங்கிக்கொண்டு வந்தனே."

"ஓம். கேக் வெட்டேக்க சிரிச்சீங்க. எனக்குப் பயமா இருந்தது. பயத்தில வரைஞ்சிட்டன்."

காலி வீதியில் முதலில் வந்த பஸ்ஸில் அவள் ஏறினாள். அவன் ஏறக் காலெடுத்தபோது, "நீங்க அடுத்ததில வாங்க" என்றாள். அன்று மட்டக்குளியில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

7

மூன்று கிழமை கழித்து அவளே கூப்பிட்டாள்.

"போஸ்டருக்குக் கடைசிப் படம் முடிக்க வேணும். வாய் சரியா வருதில்ல. ஆகில்ட்டக் கேட்டிட்டன். வந்து இருக்க ஏலுமா?"

றேமண்ட் வெள்ளைச் சேர்ட்டை அயன் செய்து போட்டுக்கொண்டு ஆகிலின் ஒஃபிஸுக்குப் போனான். ஜன்னலோரம் ஒரு கதிரை போட்டிருந்தாள். வெளிச்சத்துக்காக அவன் தாடையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் கை பட்டது அப்போதுதான்.

"மேல் பட்டனையும் பூட்டுங்க."

பூட்டினான்.

"இப்ப சிரியுங்க."

"எத நினைச்சு?"

மேபல் பென்சிலை எடுத்தாள். "படம் முடிஞ்சிட்டுது. தியேட்டர்ல சனம் எழும்பாம இருக்குது. பேர் வருது. என்ட பேர். தனிய."

றேமண்ட் சிரித்தான்.

இதற்குப் பிறகு நான் இரண்டு முடிவுகளை எழுதினேன். ஒன்றில் அவள் ஒரே மூச்சில் வரைந்து முடிக்கிறாள். படம் அச்சொட்டாக வருகிறது. அவள் திரும்பவும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறுகிறாள். மற்றதில் அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அவன் இல்ல" என்று பென்சிலைக் கீழே வைக்கிறாள். அந்தப் பழைய சிரிப்பு வராததில் அவளுக்குச் சந்தோசம், அதனால் இருவரும் ஒன்றாகப் படியிறங்கி… இல்லை. இரண்டையும் வெட்டிவிட்டேன். எது சரி என்று எனக்குத் தெரியாது.

றேமண்டைக் கேட்டேன். "சிரிச்சது தெரியும். என்ன சிரிப்பெண்டு எனக்கெப்பிடித் தெரியும், முன்னால கண்ணாடியா இருந்தது? அவள்தான் இருந்தாள்."

மேபலைக் கேட்டேன். "போஸ்டர் வரும்தானே. அப்ப பாருங்க."

போஸ்டர் இன்னும் வரவில்லை. வந்தால் காலி வீதி நெடுக ஒட்டுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கட்டாயம் கண்ணில் படும். சேர்ட்டையும் கையையும் விடுங்கள், வாயை மட்டும் பாருங்கள். முடிவு அதில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவசரப்படவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் நிற்க எனக்கு இன்னும் கொஞ்சநாள் வேண்டும்.