ஒன்பது விநாடியும் ஒரு ஜோடி பூட்ஸும்

ரிஃபெத் போலீஸ் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, போஸ்னிய மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸெலினா என்ற அவன் ஊரில் நான்கு ஆட்டுக்கடாக்கள் உயிரை விட்டன. அவற்றைக் கம்பியில் கோத்துத் தீயின்மேல் சுற்றியபோது எழுந்த புகையைப் பார்த்து, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் தீயை அணைக்கவில்லை. ஆளுக்கொரு தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கார்டியன்காரர் ஒரு மத்தியானம் தொடங்கி மறு மத்தியானம்வரை வாசித்தார். கடைசி மூன்று மணி நேரம் அவர் தூங்கிவிட்டார். விரல்கள் மட்டும் வாசித்தன.

அவன் அம்மா ஹாய்ரா மேசைமேல் ஏறி நின்றாள்.

"இந்தப் பள்ளத்தாக்குல போலீஸைக் கண்டு ஓடினவன் உண்டு. போலீஸ் பிடிச்சுட்டுப் போனவனும் உண்டு, இங்கயே நாலு பேரு உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கான். போலீஸாப் போறவன் என் பிள்ளைதான் முதல்ல."

நாலு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இப்படி வழியனுப்பப்பட்டவன் பயிற்சியில் தேறாமல் மூன்றே வாரத்தில் பெட்டியோடு திரும்பினால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்குவான்? ஊர் தின்று தீர்த்த ஆடுகளுக்கு யார் பதில் சொல்வது? பஸ் ஏறும்போதே ரிஃபெத்துக்கு இது தெரியும்.

ஆனால் பயிற்சிக் கல்லூரியில் அவன் சோடை போகவில்லை. ஓட்டத்தில் முதல். மலையில் ஆட்டைத் துரத்தி வளர்ந்தவனுக்கு மைதானத்தில் ஓடுவது உட்கார்ந்திருப்பது மாதிரி. துப்பாக்கி சுடுவதில் இரண்டாவது. சட்டப் பாடத்தில் ஏழாவது. அவரைக்காய் சூப் குடிப்பதில் அவனுக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியவில்லை. சமையல்காரர் அவன் தட்டைக் கண்டாலே பானையை மூடினார்.

சறுக்கியது ஒரே இடத்தில். அந்த வீட்டில்.

மைதானத்தின் கோடியில், திருடன் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் புகுந்து பிடிப்பதைப் பழகுவதற்கென்றே ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நடை, ஒரு அடுக்களை, பின்னால் ஜன்னலோடு ஓர் அறை. பயிற்சி மாணவர்கள் உதைத்து உதைத்து அதன் கதவை வாரத்துக்கு ஏழு முறை மாற்ற வேண்டியிருந்தது. தச்சர் பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிட்டார். கல்லூரியைக் கூட்டித் துடைக்கும் லூபிட்சா அம்மாள்தான் அந்த வீட்டில் திருடனின் தாயாக நடிப்பாள். வெறும் சிமெண்ட் தரையில் நடிப்பு வரவில்லை என்று தன் வீட்டுச் சிவப்புக் கம்பளத்தைக் கொண்டுவந்து நடையில் விரித்திருந்தாள். வாராவாரம் அதை ஆற்றுக்கு எடுத்துப்போய் அடித்துத் துவைப்பாள்.

பயிற்சி கொடுப்பவர் இன்ஸ்பெக்டர் ஷாகோத்தா. அவர் ஒரு முறை கட்டளையிட்டால் மைதானத்துப் புறாக்கள் எல்லை தாண்டிக் குரோவேஷியாவுக்குப் போய்விடும், மாலையில் அவர் சாப்பிடப் போன பிறகுதான் திரும்பும்.

"ஒன்பது விநாடி," என்றார் ஷாகோத்தா, நிறுத்துக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி. "கதவு உடையணும், நடையைத் தாண்டணும், திருடன் கையில விலங்கு விழணும். பத்தாவது விநாடி திருடன் ஜன்னல் வழியாப் போயிடுவான். போ."

அன்று திருடனாக நடித்தவன் ரிஃபெத்தின் அறைத்தோழன் ஆந்தோ. தெற்கே நெரெத்வா ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். எதையும் அவசரப்படாமல் செய்கிறவன்.

ரிஃபெத் ஓடினான். ஒரே உதை. கதவு மட்டுமல்ல, நிலையும் சேர்ந்து விழுந்தது. சக மாணவர்கள் ஓவென்று கூவினார்கள். கூவல் அப்படியே பாதியில் நின்றது.

நிலைப்படியில் ரிஃபெத் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

போலீஸ் பூட்ஸில் பக்கத்துக்குப் பன்னிரண்டு துளை. இரண்டையும் அவிழ்த்து, ஜோடியாகச் சேர்த்து, மூக்கு வாசலைப் பார்க்கும்படி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவன் உள்ளே பாய்ந்தான். லூபிட்சா அம்மாளும் பழக்கதோஷத்தில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து நீட்டினாள். அவன் "நன்றி அத்தை" என்று சொல்லி மாட்டிக்கொண்டான்.

அறையில் ஆந்தோ காப்பி போட்டுக் குடித்து முடித்திருந்தான்.

"உனக்கும் ஒரு கோப்பை ஊத்தி வச்சேன், ஆறிப்போச்சு," என்றான்.

ஷாகோத்தா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. புறாக்கள் குழம்பிப்போய் அங்கேயே உட்கார்ந்திருந்தன.

"நாப்பத்தியொன்னு," என்றார் கடைசியில், கிசுகிசுப்பாக. "தம்பி, எதுக்குடா பூட்ஸைக் கழட்டினே?"

"கழட்டினேனா ஐயா?" என்று கேட்ட ரிஃபெத், காலைக் குனிந்து பார்த்தான். அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தப்பு அவனுடையதல்ல. அந்தத் தேசத்தில் எவருமே பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் போகமாட்டார்கள் என்றாலும், ஹாய்ராவின் வீடு தனி ரகம். அவள் கம்பளத்தை மிதித்த ஒரே வெளிச்செருப்பு மின்சாரக் கணக்கெடுக்க வந்தவருடையது. அவர் இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். ஹாய்ராவின் ஆயுதம் கட்டை அடி வைத்த வீட்டுச் செருப்பு. அடுக்களையில் நின்று அவள் அதைக் காலிலிருந்தே உதறி வீசினால், அது நடைவழியே போய், இடது பக்கம் திரும்பி, மாடிப்படி ஏறி, மச்சில் ஒளிந்திருப்பவனைத் தேடிப் பிடிக்கும். இரண்டு வயதிலிருந்து அதற்குத் தப்பி வாழ்ந்தவன் ரிஃபெத். கதவு திறந்தால் அவன் கை பூட்ஸுக்குப் போகும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

இரண்டாம் முறை போகும் முன் ஆந்தோ உதவிக்கு வந்தான். மீன் வலையில் போடுகிற மாதிரி ஏழு முடிச்சை ஒன்றன்மேல் ஒன்றாக ரிஃபெத்தின் பூட்ஸ் கயிற்றில் போட்டான். "சுறாவே அவிழ்க்காது," என்றான்.

ரிஃபெத் கதவை உடைத்தான். குனிந்தான். முடிச்சைப் பார்த்தான். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து பல்லால் கடிக்கத் தொடங்கினான். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. ஆந்தோ இந்த முறை காப்பியோடு 'லோக்கும்' என்கிற சர்க்கரை மிட்டாயும் தின்று, லூபிட்சா அம்மாளோடு ஒரு கை சீட்டு ஆடித் தோற்றிருந்தான்.

"பல்லால கடிக்கணும்னா, நாய்ங்களுக்குப் பயிற்சி குடுக்கிற கட்டடம் அடுத்தது, அங்க போ," என்றார் ஷாகோத்தா. குரல் திரும்பி வந்திருந்தது, புறாக்கள் கிளம்பின. "வெள்ளிக்கிழமை பரீட்சை. அமைச்சகத்துல இருந்து மூணு பேர் வராங்க. அன்னைக்கும் நீ வாசல்ல உக்காந்தா, பூட்ஸை என்கிட்ட குடுத்துட்டு நேரா ஊருக்குப் பஸ் ஏறு. காலுறையோடவே ஏறிக்கோ, உனக்குத்தான் பழக்கம் ஆச்சே."

ரிஃபெத்தின் கண்முன் நான்கு ஆடுகள் வரிசையாக நின்று அவனையே பார்த்தன.

அன்று சாயங்காலம் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தான். நோய்க்கு மருந்து நோய் வந்த இடத்தில்தான் இருக்கும் என்று கணக்கு.

"அம்மா, ஒரு வீட்டுக்குள்ள பூட்ஸோட போறதுக்கு நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

"யாரு வீட்டுக்குள்ள?"

"திருடன் வீடும்மா."

"அந்தத் திருடனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க. லூபிட்சா அத்தை."

"கம்பளம்?"

"சிவப்பு. ஆத்துல துவைச்சது."

"ஆத்துல துவைச்ச கம்பளத்தை மிதிக்கிறதுக்கு என்கிட்ட உத்தரவு கேக்கிறியா? அவன் திருடிட்டான், சரி. அவ என்னடா பண்ணினா, பாவம்? போய்ப் பிடி. அடி. விலங்கு போடு. கழட்டிட்டுப் போய்ச் செய். எந்த வேலையையும் கழட்டிட்டுச் செய்யலாம்."

"ஒன்பது விநாடிதான் குடுக்கிறாங்கம்மா."

"அப்ப வேகமாக் கழட்டு," என்றாள் ஹாய்ரா. "காலுறை சுத்தமா இருக்கா?"

போனை வைத்துவிட்டு ரிஃபெத் அறைக்கு வந்தான். ஆந்தோ பக்கம் திரும்பினான்.

"எங்கம்மா சொல்றது சரி."

"என்ன சொல்றாங்க?"

"கழட்டாம இருக்க என்னால ஆகாது. வேகமாக் கழட்டத்தான் ஆகும்."

ஆந்தோ வழக்கம்போல் அவசரப்படாமல் யோசித்தான். யோசித்து முடிக்க வியாழக்கிழமை மதியம் ஆகிவிட்டது. பிறகு தன் இரவு உடுப்பின் கால்சட்டையை எடுத்து, இடுப்பிலிருந்த ரப்பர் நாடாவை உருவினான். பூட்ஸ் கயிறுகளைத் துண்டாக்கிப் பார்வைக்கு மட்டும் முன்பக்கம் தைத்து, உள்ளே நாடாவைக் கோத்தான். வெளியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு துளையும் ஒழுங்காகக் கட்டிய பூட்ஸ். குதிகாலை ஓர் அழுத்து அழுத்தினால் பூட்ஸ் தவளை மாதிரி குதித்துக் கழன்றது. அந்தத் தியாகத்துக்குப் பிறகு பயிற்சி முடியும்வரை ஆந்தோ படுக்கையைவிட்டு எழும்போதெல்லாம் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

வெள்ளிக்கிழமை அமைச்சகத்துக்காரர்கள் வந்தார்கள். கோப்போடு இரண்டு ஆண்கள். அவர்களுக்குத் தலைவியாக நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மாள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிறந்தபோதே மருத்துவச்சியிடம் அடையாள அட்டை கேட்டவர் என்று பேச்சு. வாசலுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். ஷாகோத்தா கடிகாரத்தோடு நிலைக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டுக்குள் அன்றைக்கும் ஆந்தோதான் திருடன். லூபிட்சா அம்மாள் புதிதாகத் துவைத்த கம்பளத்தை விரித்துவிட்டு, கண்ணில் நீர் வரவழைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"போ," என்றார் ஷாகோத்தா.

ரிஃபெத் ஓடினான். கதவு பறந்தது. தச்சர் கூடாரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

நிலைப்படி வந்தது. கை பூட்ஸுக்குக் கிளம்பியது. ஆனால் அதற்குள் கால் முந்திக்கொண்டது. வலது காலை ஓர் உதறு உதறினான்.

ரத்தம் சும்மா விடுமா? ஹாய்ரா பெற்ற பிள்ளையின் காலிலிருந்து கிளம்பிய பூட்ஸ், நடை நெடுகப் போய், அடுக்களை மூலையில் இடது பக்கம் திரும்பி, ஜன்னலில் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்த ஆந்தோவின் பின்மண்டையில் 'மடார்' என்று விழுந்தது. கதவில் மோதித் தெறித்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அங்கே கதவே கிடையாது.

இடது காலை உதறினான். அது பின்னோக்கிப் போனது. வாசலைத் தாண்டிப் போய் ஷாகோத்தாவின் கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டிவிட்டு, தலைவியம்மாளின் காலடியில் மூக்கு வெளியே பார்க்க ஒழுங்காக உட்கார்ந்தது.

காலுறையோடு ரிஃபெத் நடையில் ஓடினான். சத்தமே இல்லை, பூனை போனது மாதிரி. ஆந்தோ தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு கையிலும் விலங்கு.

"இன்னைக்குக் காப்பி போடவே இல்லையேடா," என்றான் ஆந்தோ வருத்தமாக.

வெளியே ஷாகோத்தா கடிகாரத்தைத் தரையிலிருந்து எடுத்தார். கண்ணாடி உடைந்து முள் ஆறரையில் நின்றுபோயிருந்தது.

"ஆறரை விநாடி," என்று தலைவியம்மாள் கோப்பில் எழுதச் சொன்னார்.

"அம்மா, கடிகாரம் உடைஞ்சுபோச்சு," என்றார் ஷாகோத்தா. "அதோட, அந்தப் பய பூட்ஸைக் கழட்டிட்டான். போலீஸ்காரன் காலுறையோட திருடனைப் பிடிக்கப் போறதா? நாளைக்கு ஊரு சிரிக்காதா?"

ரிஃபெத் உள்ளே விலங்கின் சங்கிலியைப் பிடித்தபடி நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். ஆடுகள் மறுபடி வந்து நின்றன.

"பூட்ஸோட பிடிச்சாத்தான் கைதுன்னு எங்க எழுதியிருக்கு, இன்ஸ்பெக்டர்?" என்றார் தலைவியம்மாள். "சரி, விலங்கு ஒழுங்கா விழுந்திருக்கான்னு நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றேன். வாங்க."

முன்னால் நடந்தார். நிலைப்படிக்கு வந்தார். அங்கே, ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையால் தன் செருப்பின் பின்வாரைத் தள்ளிவிட்டார். கழற்றி, ஜோடி சேர்த்து வைத்து, உள்ளே காலெடுத்து வைத்தார். பின்னால் வந்த கோப்புக்காரர்கள் இருவரும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்கள். ஒருவர் காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டார். லூபிட்சா அம்மாள் மூவருக்கும் செருப்பு கொடுத்தாள்.

ஷாகோத்தா மட்டும் வாசலில் நின்றார்.

"கையெழுத்துப் போட நீங்களும் வரணும், இன்ஸ்பெக்டர்," என்று உள்ளிருந்து தலைவியம்மாளின் குரல் வந்தது.

ஷாகோத்தா வலது பூட்ஸைத் தூக்கினார். சிவப்புக் கம்பளத்தைப் பார்த்தார். லூபிட்சா அம்மாளைப் பார்த்தார். அவள் கையில் கடைசி ஜோடிச் செருப்போடு நின்றாள். வரவழைத்து வைத்திருந்த கண்ணீர் அந்த நேரம் பார்த்து வழிந்தது.

தூக்கிய கால் கீழே இறங்கியது. மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் நிலைப்படியில் உட்கார்ந்து பன்னிரண்டு துளைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். கைதாகி ரிஃபெத்தோடு அடுக்களைப் பக்கம் வந்து நின்ற ஆந்தோ, கடிகாரம் உடைந்துவிட்டதே என்ற பொறுப்புணர்ச்சியில் வாய்விட்டு எண்ணினான். அவசரப்படாமல் எண்ணினான்.

"முப்பத்தியொன்பது. நாப்பது. நாப்பத்தியொன்னு."

ஷாகோத்தா எழுந்து நின்றார். காலில் அவர் மனைவி பின்னிய பூப்போட்ட கம்பளிக் காலுறை, ஒவ்வொரு குதிகாலிலும் ஒரு ரோஜா. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். புறாக்கள்கூட வேறு பக்கம் பார்த்தன.

அவர் அடுக்களை மேசைக்கு வந்தார், தலைவியம்மாள் நீட்டிய தாளை வாங்கினார், 'தேர்ச்சி' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே ரிஃபெத்தின் காதருகில் குனிந்தார்.

"இந்தப் பூட்ஸுல என்ன வேலை பண்ணினீங்கன்னு எனக்குத் தெரியும்டா," என்றார். "என்னோடதுக்கும் அதே மாதிரி பண்ணிக் குடுக்கச் சொல்லு."

லூபிட்சா அம்மாள் எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். விலங்கை அவிழ்க்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை; ஆந்தோ இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தான்.

சாயங்காலம் ரிஃபெத் ஊருக்குத் தொலைபேசியில் பேசினான். தேறிவிட்டேன் என்றான். ஹாய்ரா ஜன்னலைத் திறந்து ஊருக்குச் சொன்னது இவனுக்கும் கேட்டது. ஊர் போட்ட கூச்சலும், ஐந்தாவது ஆடு ஒன்று கலவரத்தோடு கத்தியதும் கேட்டது.

"அம்மா, உன் செருப்பு மாதிரியே என் பூட்ஸும் திரும்பிச்சு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"வலது பக்கம் திருப்புறது கஷ்டம். ஊருக்கு வா, சொல்லித் தரேன்," என்றாள் ஹாய்ரா. "காலுறை எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சும்மா."

"அதான்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.